16-ஆம் தேதி முடி நடவு: உண்மையில் என்ன நடக்கும் என்று செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

முன்நெற்றி34 · பிப்ரவரி 4

வயது 34. நெற்றியின் இரு மூலைகளும் ஏறிப்போய் எட்டு வருடமாகிறது. இப்போது உச்சியிலும் தோல் தெரியத் தொடங்கிவிட்டது. ஆண் வழுக்கையை அளக்கும் நார்வுட் அளவுகோலில் மூன்றாம் நிலை, உச்சியும் சேர்த்து, என்றார் மருத்துவர். 16-ஆம் தேதி எஃப்.யு.இ. முறையில் (பின்தலையிலிருந்து வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து நடுவது) 2,400 கிராஃப்ட் வைக்கப்போகிறார்கள்.

ஆலோசனைக்குப் போன இடத்தில் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு சொன்னார்கள். வலிக்காது, மூன்றாம் நாள் வேலைக்குப் போகலாம், ஒரு வருடத்தில் பழைய தலை. அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வலி எப்படி, தூக்கம் எப்படி, எந்த நாளில் கண்ணாடியில் எப்படி இருப்பேன்? மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. எத்தனை நாள் மறைக்க முடியும்?

இரண்டாம்நடவு · பிப்ரவரி 4

தம்பி, நான் இரண்டு முறை படுத்து எழுந்தவன். 24 வயதில் ஒன்று, 41-இல் ஒன்று. முதலாவதைப் பற்றி இப்போது வேண்டாம், வயிறு எரியும்.

காலையில் தலையை மழிப்பார்கள். பிறகு நெற்றியில் பேனாவால் கோடு வரைவார்கள். அன்றைய நாளின் முக்கியமான வேலை அந்தக் கோடுதான், மற்றதெல்லாம் கைவேலை. கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். புருவத்தை உயர்த்திப் பாருங்கள், பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். யாருடைய நெற்றியும் அப்படி இருப்பதில்லை. ஒரு விரல் தாழ்வாக வேண்டும் என்று ஆசை வரும், அதை அடக்குங்கள்.

அடுத்து, மரத்துப்போகச் செய்யும் ஊசி. வலிக்காது என்று சொன்னவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பிடரியில் வரிசையாக, பிறகு நெற்றி ஓரத்தில் வரிசையாகக் குத்துவார்கள். ஒவ்வொரு குத்தும் எரியும். சில நிமிடங்கள் பல்லைக் கடித்துக்கொண்டால் அதன் பிறகு நிஜமாகவே வலி கிடையாது. குப்புறப் படுக்கவைத்துப் பின்தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். மோட்டாரின் ரீங்காரம் மண்டையோட்டுக்குள் கேட்கும், அதுதான் சற்று அருவருப்பு. பிறகு மல்லாந்து படுக்கச் சொல்லித் துளையிட்டு நடுவார்கள். எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. அலுப்புத்தான் பெரிய துன்பம். கழுத்து பிடித்துக்கொள்ளும். நடுவில் உணர்ச்சி திரும்புவதுபோல் இருந்தால் வீரம் காட்டாமல் சொல்லிவிடுங்கள், மறுபடி ஊசி போடுவார்கள்.

அன்றிரவு எரியப்போவது முன்பக்கம் அல்ல, எடுத்த இடமான பின்தலை. முதுகைச் சாய்த்து, பாதி உட்கார்ந்த நிலையில் நாலைந்து இரவு தூங்க வேண்டும். கழுத்தைச் சுற்றும் தலையணை ஒன்று இப்போதே வாங்கி வைத்து, அதில் தூங்கிப் பழகுங்கள்.

மூன்றாம் நாள் வேலைக்கு உடம்பு போகும், தலை போகாது. பத்து நாள் விடுப்பு எடுங்கள்.

நுண்ணோக்கி · பிப்ரவரி 5

நான் எட்டு ஆண்டு அறுவை அறையில் கிராஃப்ட் பிரித்து, எண்ணி, நட்டுக்கொடுத்தவள். உட்பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

2,400 என்ற எண்ணைக் கேட்டு மயங்க வேண்டாம். ஒரு கிராஃப்ட் என்பது ஒரு முடி அல்ல. ஒன்று முதல் நான்கு முடி வரை சேர்ந்து வளரும் ஒரு கொத்து அது. சராசரி இரண்டு என்று வைத்தால் 4,800 முடி. முழுத் தலையில் ஒரு லட்சம் இருந்திருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 40 கொத்து நட்டால் 60 சதுர சென்டிமீட்டர் மூடும். நெற்றிக்குத் தாராளம். உச்சியையும் அதே எண்ணிக்கையில் மூடப் பார்த்தால் தலைக்கு இழுத்தால் காலுக்கு எட்டாத போர்வைதான். இரண்டில் எதற்கு முதலிடம் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் நெற்றிக்குத்தான் முதலிடம் கொடுப்போம். முகத்துக்குச் சட்டம் போடுவது அதுதானே.

40 கொத்து என்பது இயற்கை அடர்த்தியில் ஏறக்குறைய பாதி. அப்படியிருந்தும் தலை நிறைந்ததுபோல் தோன்றும், ஏனெனில் பாதி முடி போகும் வரை கண் அதைக் கண்டுகொள்வதில்லை. இந்தக் கண்கட்டு வித்தையில்தான் எங்கள் தொழிலே நிற்கிறது.

இன்னொன்று, புதிய முடி எதையும் யாரும் உண்டாக்குவதில்லை. பின்தலையிலிருந்து எடுத்த வேர்க்கால் அங்கே மறுபடி முளைக்காது. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து எடுக்கக்கூடியது சில ஆயிரம்தான். அந்தக் கையிருப்பில் பாதியை இன்று எடுத்தால் மீதிப் பாதியை வைத்துத்தான் 50 வயதைச் சமாளிக்க வேண்டும்.

மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். துளையிடப்போவது நீங்களா, உதவியாளரா? அன்றைக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? எடுத்த கிராஃப்ட் எதில் காத்திருக்கும்? (குளிரூட்டிய கரைசலில் இருக்க வேண்டும். காய்ந்தால் செத்தது.) நான் பார்த்த வரையில் நல்லவர்கள் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள். பன்னாட்டு முடி மீட்பு அறுவை சிகிச்சைச் சங்கமே மருத்துவர் இல்லாமல் நடக்கும் நடவுகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்கிறது என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தழும்பே இருக்காது என்று சொல்லியிருப்பார்களே? இருக்கும். தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் பழைய எஃப்.யு.டி. முறையில் பின்தலையில் ஒரு நீளக் கோடு. உங்கள் முறையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெள்ளைப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில். முடியைக் கொஞ்சம் வளர்த்தால் தெரியாது, முழுதாக மழித்தால் தெரியும்.

பழங்கதை · பிப்ரவரி 5

இழைக்குச் சற்று வெளியே போகிறேன், மன்னிக்கவும். பின்தலை முடி முன்னால் வந்தபின் ஏன் விழுவதில்லை என்ற கேள்விக்கு ஒரு நல்ல கதை உண்டு. 1939-இல் ஜப்பானியத் தோல் மருத்துவர் ஷோஜி ஒகுடா முடியுள்ள தோலைச் சிறு துண்டுகளாக எடுத்து முடியற்ற இடங்களில் பதித்து, அதை எழுதியும் வைத்தார். உலகப் போர் வந்தது, வெளியே யாரும் படிக்கவில்லை. 1950-களில் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் வழுக்கைக்கு அதையே செய்தார். 1959-இல் அவர் வெளியிட்ட முடிவு: பெயர்த்து நட்ட முடி, போன இடத்தின் குணத்தை ஏற்காமல் வந்த இடத்தின் குணத்தையே வைத்துக்கொள்கிறது. பின்தலையின் வேர்க்கால்களை, வழுக்கைக்குக் காரணமான டி.எச்.டி. என்ற ஹார்மோன் அசைப்பதில்லை, நெற்றிக்குக் குடிபெயர்ந்தபின்னும் அசைக்காது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு துண்டும் நான்கு மில்லிமீட்டர் அகலம். வளர்ந்தபின் பொம்மைத் தலையில் முடி குத்தியதுபோல் கொத்துக் கொத்தாக நிற்கும். கொத்து அளவுக்கு நுண்ணிதாகப் பிரிக்கும் வேலை 1990-களில்தான் பரவியது.

மாத்திரைவேண்டாம் · பிப்ரவரி 6

நட்ட முடி விழாது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பிறகு எதற்கு நடவுக்குப் பின்னும் முடி உதிர்வைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை எழுதுகிறார்கள்? அதன் பக்கவிளைவுகளைப் படித்தால் தூக்கம் வரவில்லை.

நுண்ணோக்கி · பிப்ரவரி 6

நட்டது விழாது. நடாதது விழும். நடுவில் மிச்சமிருக்கும் சொந்த முடியைக் காப்பாற்றத்தான் மாத்திரை. அதை விட்டுவிட்டால் முன்னே ஒரு வரிசை நிற்க, பின்னே வெட்டவெளியாகும். தினம் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு 1997 முதல் அமெரிக்காவில் ஆண் வழுக்கைக்கு அனுமதி பெற்ற மருந்து. பாலுறவு ஆர்வம் குறைதல், விறைப்புக் குறைவு சிறு விழுக்காட்டினருக்கு வரும், மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கையும் உண்டு. பயம் நியாயமானதுதான். ஆனால் எடுக்கும் எல்லோருக்கும் வரும் என்று நினைப்பது நியாயமல்ல. மருத்துவரிடம் பேசித் தொடங்குங்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவரிடமே சொல்லி நிறுத்துங்கள். புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை செய்யும்போது இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்ல மறக்காதீர்கள், அளவைப் பாதியாகக் காட்டும்.

மாத்திரைவேண்டாம் · பிப்ரவரி 6

நான் எடுக்கப்போவதில்லை.

இரண்டாம்நடவு · பிப்ரவரி 6

உங்கள் தலை, உங்கள் முடிவு. அப்படியென்றால் குறைவாக நடுங்கள், உயரமான கோடாக வையுங்கள். மாத்திரையும் வேண்டாம், 18 வயது நெற்றியும் வேண்டும் என்பதுதான் நடக்காது.

முன்நெற்றி34 · பிப்ரவரி 15

நாளைக்கு. கேள்விகளைக் கேட்டேன். துளையிடுவது தானே என்றும் அன்று நான் ஒருவன்தான் என்றும் மருத்துவர் சொன்னார். உச்சிக்கு 500 மட்டும், மீதி நெற்றிக்கு. என் கோட்டை நான் காட்டியதைவிட அரை அங்குலம் உயர்த்தினார், நான் வாயைத் திறக்கவில்லை. புகை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. இரத்தம் மெலிய வைக்கும் மாத்திரை எதுவும் எடுப்பதில்லை.

முன்நெற்றி34 · பிப்ரவரி 19

உதவி! அறுவை நல்லபடியாக முடிந்தது. ஊசி நீங்கள் சொன்னபடியே, அதற்குமேல் வலி இல்லை. ஆனால் நேற்றிலிருந்து நெற்றி வீங்கி, இன்று வீக்கம் கண்ணுக்கு இறங்கிவிட்டது. இடது கண் பாதிதான் திறக்கிறது. மகள் என்னைப் பார்த்து அழுதுவிட்டாள். ஏதாவது தவறாகிவிட்டதா?

நுண்ணோக்கி · பிப்ரவரி 19

காய்ச்சல் உண்டா? சீழ்? வலி நாளுக்கு நாள் கூடுகிறதா? நட்ட இடத்தில் தோல் எங்காவது கறுத்திருக்கிறதா? நான்கில் ஒன்றுக்கு ஆம் என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

நான்குமே இல்லை என்றால், தலைத்தோலுக்குள் ஏற்றிய மருந்து நீர்தான் ஈர்ப்புவிசைக்குக் கட்டுப்பட்டு இறங்கி வருகிறது. ஐந்தாம், ஆறாம் நாளில் வடிந்துவிடும். குளிர் ஒத்தடம் புருவத்துக்குச் சற்று மேலே மட்டும், நட்ட இடத்தில் கூடவே கூடாது. குனியாதீர்கள். சாய்ந்தே தூங்குங்கள்.

முன்நெற்றி34 · பிப்ரவரி 19

நான்குமே இல்லை. அழைத்தும் பேசிவிட்டேன், அதையே சொன்னார்கள். நன்றி.

முன்நெற்றி34 · பிப்ரவரி 27

பதினோராம் நாள். வீக்கம் ஆறாம் நாளே போய்விட்டது. அந்தப் பத்து நாளும் தலையை ஒரு முட்டைபோல் ஏந்திக்கொண்டு திரிந்தேன். காரில் ஏறும்போது கதவின் மேல் விளிம்பில் இடித்துவிடுவேனோ என்பதே பெரிய பயம். முதல் கழுவல் மூன்றாம் நாள் அங்கேயே செய்துவிட்டார்கள். அதன் பிறகு வீட்டில் நுரையை ஒற்றி ஒற்றி வைத்துக் குவளையால் நீர் ஊற்றினேன். குழாயின் நேர்வேகம் கூடாது. பொருக்குகள் நேற்றுவரை விடாப்பிடியாக நின்றன. பத்தாம் நாளுக்குப் பிறகு வேர் பிடித்துவிட்டது, விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்கலாம் என்று சொன்னதும் நேற்றுத் தேய்த்தேன். எல்லாம் உதிர்ந்து, மூன்று நாள் தாடிபோல் குத்துக் குத்தாக முடி நிற்கிறது. அழகாக இருக்கிறது! அலுவலகம் போனேன். தொப்பி. ஒருவர் கேட்டார், தோலில் ஒவ்வாமை என்றேன். நெற்றி உச்சி தொட்டால் மரக்கட்டைபோல் உணர்வே இல்லை.

இரண்டாம்நடவு · பிப்ரவரி 27

உணர்வு மெல்லத் திரும்பும், சில மாதம் ஆகலாம். அந்தக் குத்து முடியைப் படம் எடுத்து வையுங்கள் தம்பி. விடைபெறப்போகிறது.

முன்நெற்றி34 · மார்ச் 12

நீங்கள் சொல்லியும் மனம் தயாராகவில்லை. குளிக்கும்போது நுரையோடு கையில் வருகிறது. நுனியில் வெள்ளையாக ஒன்று இருக்கிறது, வேர் வந்துவிட்டதா? அதைவிடக் கொடுமை, நடாத இடத்திலும் பக்கத்து முடிகள் உதிர்கின்றன. பணம் கொடுத்து வழுக்கை வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நுண்ணோக்கி · மார்ச் 12

அந்த வெள்ளை வேர்க்கால் அல்ல, உதிரும் எந்த முடியின் அடியிலும் இருக்கும் குமிழ். கிராஃப்ட் பிடுங்கிக்கொண்டு வந்தால் இரத்தம் வரும், அதுவும் முதல் சில நாள்களில்தான். இடம் மாறிய அதிர்ச்சியில் வேர்க்கால் தண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓய்வெடுக்கிறது. பக்கத்து முடிக்கும் அதே அதிர்ச்சி. ஓய்வு முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். நட்ட நாற்று முதலில் சோர்ந்து சாயும் இல்லையா, அப்படி.

வகிடு · மார்ச் 20

இழையை முழுவதும் படித்தேன். எனக்கு வகிடு வருடா வருடம் அகலமாகிறது. வயது 39. பெண்களுக்கும் இதைச் செய்வார்களா?

நுண்ணோக்கி · மார்ச் 20

செய்வார்கள், எல்லோருக்கும் அல்ல. பெண்களுக்குப் பல நேரம் பின்தலையும் சேர்ந்தே மெலிகிறது, எடுக்கும் இடமே பலவீனமாக இருந்தால் நட்டும் பயனில்லை. முதலில் இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். தோல் மருத்துவர் ஒருவர் உருப்பெருக்கியால் தலையைப் பார்க்கட்டும். தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தை ஆறு மாதமாவது விடாமல் போட்டுப் பார்த்தபிறகே அறுவையைப் பற்றி யோசியுங்கள். தொடங்கிய முதல் வாரங்களில் அதுவும் சற்று உதிர்க்கும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். வட்ட வட்டமாகக் கொட்டும் புழுவெட்டாக இருந்தால் நடவு தீர்வே அல்ல, அது வேறு நோய்.

இருபத்திரண்டு · மே 9

எனக்கு 22 வயது. நெற்றி மூலைகள் ஏறத் தொடங்கிவிட்டன. இப்போதே செய்துகொண்டால் முடிந்தது என்று பேசி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் தேதி.

இரண்டாம்நடவு · மே 9

வயிறு எரியும் என்று சொன்னேனே, அந்தக் கதையைச் சொல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது.

24 வயதில் எனக்கும் உங்கள் நிலைதான். மூலைகள் மட்டும். ஓர் இடத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். கல்லூரிக் காலப் புகைப்படத்தை நீட்டி இதே நெற்றி வேண்டும் என்றேன். மருத்துவர் என்னை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. புகைப்படத்தில் இருந்தபடியே தாழ்வாக, நேராக, அடர்த்தியாக நட்டுக் கொடுத்தார். என் அப்பாவின் தலை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நான்கு வருடம் நான் ராஜா.

பிறகு நட்ட வரிசைக்குப் பின்னால் இருந்த சொந்த முடி விலகத் தொடங்கியது. முப்பது வயதில் நெற்றியில் ஒரு மெல்லிய வேலி, அதன் பின்னால் ஒரு வெற்று வாய்க்கால், அதற்கும் பின்னால் மீதித் தலை. வழுக்கையாகவே இருந்திருந்தால் யாரும் இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார்கள். இதை எல்லோரும் பார்த்தார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நடந்த மனிதன் நான். பதினொரு வருடம் தொப்பியோடு வாழ்ந்தேன். 41-இல் வேறொரு மருத்துவர் முன்வரிசையில் தடித்த கொத்துகளைத் தோண்டி எடுத்து, பின்னால் மாற்றி நட்டு, முன்னே ஒற்றை முடிக் கொத்துகளை ஒழுங்கற்ற வரிசையில் வைத்தார். கையிருப்பு தீர்ந்துவிட்டது. உச்சி வெறுமையாகவே இருக்கிறது, இருக்கட்டும்.

தேதியை ரத்து செய்யுங்கள். தோல் மருத்துவரைப் பார்த்து, இருப்பதைக் காக்கும் மருந்தைப் பேசுங்கள். எந்த வடிவத்தில் போகிறது என்று சில வருடம் தெரியட்டும். அவசரப்பட்டால் இழப்பது முன்பணமல்ல, பின்தலை.

இருபத்திரண்டு · மே 10

முன்பணம் திரும்ப வராதாம். யோசிக்கிறேன்.

முன்நெற்றி34 · மே 20

மூன்று மாதம். எழுதவே மனமில்லை. அறுவைக்கு முன் இருந்ததைவிட மோசமாக இருக்கிறேன். நெற்றி இளஞ்சிவப்பாக, முடியில்லாமல். தினமும் காலை கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் இருபது நிமிடம். மனைவி நேற்று உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒளித்துவைத்துவிட்டாள். அந்த ஏழு மணி நேரத்தை இன்னொரு முறை வேண்டுமானாலும் படுத்துக் கழிப்பேன், இந்த மூன்றாம் மாதம் வேண்டாம்.

இரண்டாம்நடவு · மே 20

ஒளித்துவைத்தது சரி. மாதம் ஒரு படம், அதே இடம், அதே வெளிச்சம். நடுவில் பார்க்காதீர்கள்.

முன்நெற்றி34 · ஜூலை 2

முளைக்கிறது! முதலில் பருக்கள் வந்தன, சிறு சிறு சிவப்புக் கொப்புளங்கள், பத்துப் பன்னிரண்டு. தோலைத் துளைத்து முடி வெளியே வரும்போது அப்படி ஆகுமாம். மருத்துவர் வெதுவெதுப்பான நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், கிள்ளக் கூடாது என்றார். இரண்டைக் கிள்ளினேன், திட்டு வாங்கினேன். இப்போது குழந்தை முடிபோல் மெலிதாக, சுருண்டு, நிறமே இல்லாமல் வருகின்றன. இடது பக்கம் முன்னே, வலது பக்கம் பின்னே.

நுண்ணோக்கி · ஜூலை 3

சுருட்டல் பின்னர் நேராகும், தடிமன் மாதங்கள் போகப் போக வரும். இரு பக்கமும் ஒரே வேகத்தில் வந்த தலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

முன்நெற்றி34 · நவம்பர் 20

ஒன்பது மாதம். முன்நெற்றி நன்றாக மூடிவிட்டது. 18 வயது நெற்றி இல்லை, 34 வயதுக்காரனுக்கு இருக்கவேண்டிய நெற்றி. மருத்துவர் உயர்த்திய அந்த அரை அங்குலத்துக்காக அப்போது மனதுக்குள் திட்டினேன், இப்போது திட்டவில்லை. உச்சி இன்னும் மெலிவுதான். அங்கே மெதுவாகத்தான் வருமாம், ஒன்றரை வருடம் வரை பொறுக்கச் சொன்னார். மாத்திரை எடுக்கிறேன், இதுவரை எனக்குத் தொல்லை இல்லை. பின்தலையில் புள்ளிகள் இருக்கின்றன, குட்டையாக வெட்டினால் முடி வெட்டுபவர் கேட்கிறார். அலுவலகத்தில் ஒவ்வாமை என்று நம்பிய அதே நண்பர் போன வாரம், "இளைத்துவிட்டாயா, ஏதோ மாறியிருக்கிறதே" என்றார். ஆமாம், நடக்கிறேன் என்றேன்.

படம் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியவர்கள் பொறுங்கள், நாளை போடுகிறேன்.

இரண்டாம்நடவு · நவம்பர் 20

தலையை நனைத்துக்கொண்டு, வெளிச்சம் நேர் மேலிருந்து விழும்படி எடுத்துப் போடுங்கள் தம்பி. சீவிவிட்டு எடுத்தால் அது விளம்பரப் படம்.

இருபத்திரண்டு · நவம்பர் 21

நானும் அந்தப் படத்துக்குத்தான் காத்திருக்கிறேன். முன்பணம் போனது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.